மெகாவோல்ட்டுக்கு நான் எழுதிக் கொடுத்த கணக்கு

காலை பத்து மணி பத்து நிமிடம். பள்ளிக்கூடத்து ஆசிரியர் அறையில், சுவர்க் கடிகாரத்துக்கு நேர் கீழே நின்றுகொண்டு பெரிய ஆங்கில அகராதியைப் புரட்டினேன். தேடிய சொல் கிடைத்தது. மெகா என்றால் பத்து லட்சம் என்று போட்டிருந்தது.

இன்னொரு முறை படித்தேன். பத்து லட்சம்தான். ஒரு லட்சம் இல்லை.

அன்று காலை ஏழு மணிக்கு, என் மகன் நம்பியின் சட்டைப் பையில் ஒரு தாளை மடித்து வைத்து அனுப்பியிருந்தேன். அதில் ஒரு மெகாவோல்ட் என்பது ஒரு லட்சம் வோல்ட் என்று எழுதியிருந்தேன். சிவப்பு மையில் அடிக்கோடும் இட்டிருந்தேன்.

சென்ற இதழில் என் முதல் பள்ளிக்கூட உத்தியோகத்தைப் பற்றிப் படித்த ஓர் அன்பர், “உங்களுக்கு யார்மேலும் கோபமே வந்ததில்லையா?” என்று கேட்டு எழுதியிருக்கிறார். கோபம் எனக்கு அவ்வளவாக வராது. வருவது வேறொன்று. அதை இத்தனை வாரமாக எழுதாமல் தள்ளிக்கொண்டே வந்தேன்.

ஒரு கை முதுகுக்குப் பின்னால்

அது யுத்த காலம். மலையில் விழும் தண்ணீரிலிருந்து எடுத்த மின்சாரம், கம்பி வழியாகத் தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்திருந்த புதிது. ஊருக்கு வெளியே, உப்பளங்களைத் தாண்டி, சப் ஸ்டேஷன் கட்டியிருந்தார்கள். நம்பிக்குப் பத்தொன்பது வயது. மேலே படிக்க வைத்து அவனைக் கல்லூரி ஆசிரியராகப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. அவன் என்னைக் கேட்காமலே சப் ஸ்டேஷனில் போய்ச் சேர்ந்துவிட்டான்.

அங்கே மேஸ்திரி சூசை. புன்னைக்காயல்காரர். நாற்பது வயது இருக்கும். துறைமுகத்து மோட்டார் படகில் என்ஜின் பார்த்துக்கொண்டிருந்தவர். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவர். அவரைப் பற்றி எனக்கு முதலில் தெரிந்ததெல்லாம் சாப்பாட்டு நேரத்தில் நம்பி சொல்லித் தெரிந்ததுதான். அவரை அவன் அண்ணாச்சி என்பான்.

“அண்ணாச்சி சொல்லுதாவ, ஓடுத கம்பியத் தொட்டுத்தான் சாவணும்னு இல்லையாம். கிட்டப் போனாலே அது நம்மளத் தொட்டுருமாம்.”

“அண்ணாச்சி சொல்லுதாவ, ஆறு கிலோவோல்ட்னா நாலு வெரக்கட தள்ளி நின்னாப் போதும்னு.”

ஒரு நாள் இலையில் சோறு இருக்கும்போதே எண்ணினேன். மோர்ச் சாதத்துக்கு வருவதற்குள் பதினொரு தடவை அண்ணாச்சி வந்துவிட்டார். பத்தொன்பது வருஷத்தில் “அப்பா சொல்லுதாங்க” என்று என் பிள்ளை யாரிடமாவது ஒரு தடவை சொல்லியிருப்பானா என்று நினைத்துக்கொண்டே கையைக் கழுவினேன்.

இன்னொன்று. மின்சாரத்தில் வேலை செய்கிறவர்கள் ஒரு கையால் வேலை பார்த்து, மறு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்ள வேண்டுமாம். இரண்டு கையும் பட்டால் ஷாக் நெஞ்சு வழியாகப் பாயுமாம். இது மேஸ்திரி கற்றுக்கொடுத்த பழக்கம். நம்பி வீட்டில் ஸ்டவ் பற்றவைக்கும்போதும் இடது கை முதுகுக்குப் போய்விடும். பந்தலில் கொடியைக் கட்டும்போதும் அப்படித்தான். என் நடை, என் மூக்கு, என் கையெழுத்து எல்லாம் அவனுக்கு உண்டு. ஆனால் தெருவில் போகிறவர்கள், “சூசை மேஸ்திரி மாதிரியே நிக்கான் பாரு” என்றார்கள்.

என் மனைவி கோதைக்கு இது வேடிக்கையாக இருந்தது.

“என்ன, சோத்துல கல்லா கெடக்கு? இப்படி முழிக்கிய?”

“ஒண்ணுமில்ல.”

“அந்த மேஸ்திரி ஒங்களப் பத்திக் கொறவா ஒரு வார்த்த சொன்னாரா? சார்வாள் சார்வாள்னு மரியாதையாத்தான பேசுதாரு?”

“அதுதான் ஏளா எனக்கு ஆகல” என்றேன். அவர் ஒரு தடவையாவது என்னை மட்டமாகப் பேசியிருந்தால் எனக்கு எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும்!

மீரானின் முத்து

இந்தக் குணம் எனக்கு அப்போது வந்ததல்ல. பன்னிரண்டு வயதில் ஒரு சலாபம் பார்க்கப் போனேன். முத்துக் குளிப்பு நடக்கும் பருவத்தை எங்கள் பக்கம் சலாபம் என்பார்கள். கரையோரம் ஓலைக் கொட்டகைகள் முளைத்து ஒரு ஊரே உண்டாகிவிடும். சிப்பி அழுகும் நாற்றம் சட்டையில் ஏறினால் நாலு வெளுப்புக்கும் போகாது.

என்னோடு வந்தவன் மீரான். காயல்பட்டினத்துப் பையன், என் வகுப்புத் தோழன். ஒரு தோணிக்காரர் எங்கள் இரண்டு பேருக்கும் ஆளுக்கு ஒரு கை சிப்பி கொடுத்தார். என்னுடையது எல்லாவற்றையும் பிளந்துவிட்டேன். சதையும் சேறும்தான். மீரான் நாலாவது சிப்பியைத் திறந்ததும், “ஏலே, இங்கன பாருலே!” என்று கத்தினான். கடுகைவிடக் கொஞ்சம் பெரிய முத்து.

காட்டுவதற்குக் கையை நீட்டினான். அது உருண்டு மணலில் விழுந்துவிட்டது. அந்திவரை தேடினான். அழுதான். விழுந்த இடம் எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை. நானே எடுத்துக்கொள்ளவும் இல்லை. அவனுக்கு இல்லாமல் போனதே எனக்குப் போதுமாக இருந்தது.

அந்தக் கரையில் சிப்பி எண்ணுவதையும் அன்றுதான் பார்த்தேன். ஆயிரம் ஆனதும் கணக்கப்பிள்ளை பலகையில் ஒரு கோடு போடுவார். நூறு கோடு சேர்ந்ததும் “லட்சம்!” என்று உரக்கச் சொல்வார். ஆயிரம், பிறகு லட்சம், பிறகு கோடி. என் காதில் எண்கள் இப்படித்தான் ஏறின. பத்து லட்சத்துக்கு எங்கள் எண்ணிக்கையில் தனிப் பெயர் கிடையாது.

சார்வாளுக்குத் தெரியாத கணக்கா?

எங்கள் ஊர்க் காற்றில் உப்பு அதிகம். மின்கம்பத்தில் கம்பியைத் தாங்கி நிற்கும் பீங்கான்களில் அது படிந்துவிடும். ஈரம் பட்டதும் அந்த உப்பு வழியாக மின்சாரம் ஒழுகிப் பொறி தட்டும். அதனால் பீங்கான்களை இறக்கிக் கழுவி, சோதித்துப் பார்த்துத்தான் மறுபடி ஏற்ற வேண்டும்.

சோதிக்கும் பெட்டி பழுதாகிவிட்டது. யுத்தத்தில் புதிது கிடைக்கவில்லை. எங்கேயோ கழித்துப்போட்ட பழைய பெட்டி ஒன்று கப்பலில் வந்து சேர்ந்தது. அதன் முகப்பில், இவர்கள் பழகிய கிலோவோல்ட் இல்லை. மெகாவோல்ட் என்று போட்டு, புள்ளி பூஜ்யம் ஒன்று, புள்ளி பூஜ்யம் இரண்டு என்று கோடுகள் போய்க்கொண்டே இருந்தன. என்ஜினீயர் மதராசுக்குப் போயிருந்தார். ஒவ்வொரு பீங்கானுக்கும் ஆறு கிலோவோல்ட் கொடுத்துப் பாருங்கள் என்று மட்டும் குறிப்பு வைத்துவிட்டுப் போயிருந்தார்.

ஆறு கிலோவோல்ட் என்பது எத்தனை மெகாவோல்ட்? முள்ளை எந்தக் கோட்டில் நிறுத்துவது?

நம்பி அன்று வேலையிலிருந்து வந்ததும் நேரே என்னிடம் வந்தான். என் மேஜைக்கு அவன் வந்து எத்தனையோ மாதமாகியிருந்தது.

“அப்பா, கிலோவ மெகாவா மாத்தணும். அண்ணாச்சிக்குப் பிடிபடல. ‘சார்வாளுக்குத் தெரியாத கணக்கா? போய்க் கேட்டுட்டு வாலே’ன்னாவ.”

அந்த ஒரு வாக்கியத்தை அன்று எத்தனை தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன் என்று எனக்கே தெரியாது. அண்ணாச்சிக்குப் பிடிபடவில்லை. சார்வாளுக்குத் தெரியாததா!

உண்மையில் சார்வாளுக்குத் தெரியாது. நான் சொல்லிக்கொடுத்த கணக்கில் ராத்தலும் அவுன்சும் உண்டு, கெஜமும் அடியும் உண்டு. பத்துப் பத்தாக ஏறும் மேல்நாட்டு அளவுகள் எங்கள் பாடத்தில் இல்லை. கிலோ என்றால் ஆயிரம் என்று எங்கோ படித்திருந்தேன். மெகா அதற்கு மேல்படி என்பதும் தெரியும். “நாளைக்கு அகராதி பார்த்துச் சொல்லுகிறேன்” என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த வார்த்தை அப்படியே மேஸ்திரி காதுக்குப் போகுமே!

“இதென்னலே பிரமாதம்? ஆயிரத்துக்கு மேல என்ன?” என்று அவனையே கேட்டேன்.

“லட்சம்.”

“அம்புட்டுத்தான்.”

மறுநாள் காலையில் குளித்துவிட்டு உட்கார்ந்து, ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டு எழுதினேன். ஆயிரம் வோல்ட் ஒரு கிலோவோல்ட். லட்சம் வோல்ட் ஒரு மெகாவோல்ட். ஆகவே நூறு கிலோவோல்ட் ஒரு மெகாவோல்ட். ஆகவே ஆறு கிலோவோல்ட்டுக்கு முள் நிற்க வேண்டிய இடம், புள்ளி பூஜ்யம் ஆறு. கீழே ஐந்து உதாரணக் கணக்குகள் வேறு. கேட்டது ஒன்று, நான் கொடுத்தது ஆறு.

உண்மையில் ஆயிரம் கிலோவோல்ட் சேர்ந்தால்தான் ஒரு மெகாவோல்ட். ஆறு கிலோவோல்ட்டுக்கு முள் புள்ளி பூஜ்யம் பூஜ்யம் ஆறில் நிற்க வேண்டும். அதாவது முதல் கோட்டையே தொடக்கூடாது. நான் சொன்ன இடத்தில் நிறுத்தினால் பீங்கானில் ஏறுவது அறுபது கிலோவோல்ட். அதற்கு நாலு விரற்கடையா தூரம்? முழங்கையளவு தள்ளி நின்றாலே பயம்தான்.

பீங்கானுக்குப் பக்கத்தில் நின்று பார்க்கிற வேலை நம்பிக்கு. பத்து மணிக்குச் சோதனை தொடங்கும் என்று சொல்லிவிட்டுத்தான் போயிருந்தான்.

நான் அகராதியைப் புரட்டியதுகூடச் சந்தேகத்தால் அல்ல. மெகாவுக்கும் மேலே என்ன இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொண்டால், சாயங்காலம் அதையும் சொல்லி அனுப்பலாமே என்றுதான்.

டெலிபோன்

பள்ளிக்கூடத்துக்கு எதிரே ஒரு பஞ்சு வியாபாரியின் ஆபீஸ். அங்கே டெலிபோன் உண்டு. செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன். அங்கிருந்த குமாஸ்தா என் முகத்தைப் பார்த்து எழுந்தே விட்டார்.

“என்ன சார்வாள், யாருக்கும் மேலுக்கு முடியலையா?”

“சப் ஸ்டேஷனுக்குப் பேசணும். சீக்கிரம்.”

அவரே எக்ஸ்சேஞ்சைக் கூப்பிட்டு நம்பரைச் சொல்லி, ரிசீவரை என் கையில் கொடுத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரோ எடுத்தார்கள்.

“அலோ, சப் ஸ்டேஷன். யாரு பேசுதது?”

சூசை மேஸ்திரியின் குரல்.

“நம்பியோட அப்பா.”

“சார்வாளா! கும்புடுதேன் சார்வாள். தாளு வந்து சேந்துட்டு. என்னா எழுத்து! அச்சடிச்ச மாரில்லா இருக்கு. அத வச்சுத்தான் இப்ப மொதப் பீங்கானப் பாக்கோம்.”

ரிசீவரை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

“நம்பியக் கொஞ்சம் கூப்பிடுங்க.”

“அங்கன பீங்கான் பக்கத்துல நிக்கான். அவசரமா? எங்கிட்டச் சொல்லுங்க, சொல்லிருதேன்.”

“இல்ல. அவன்கிட்டதான் பேசணும்.”

“சரி, இருங்க.” ரிசீவரை மேஜையில் வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு அவர் கூப்பிடும் குரல். “ஏலே நம்பி! அப்பா கூப்பிடுதாவ, வா. ஒன் எடத்துல நான் நிக்கேன்.”

யாரோ நடந்து வரும் சத்தம். அதற்கும் பின்னால், கொதிக்கிற எண்ணெயில் தண்ணீர் தெளித்த மாதிரி ஒரு சீறல். “என்னலே, ஆறு எட்டுமுன்னமே இப்படிச் சீறுது? உப்பு போவல போல. குமிழத் திருப்பு, இன்னும் கொஞ்சம் திருப்பு, பாப்போம்” என்று மேஸ்திரி யாரிடமோ சொன்னது தூரத்தில் கேட்டது.

“அப்பா? என்னப்பா?”

“நம்பி, அந்தத் தாளு தப்புலே. நிறுத்தச் சொல்லு...”

நான் முடிக்கவில்லை. பனைமட்டையை முறித்த மாதிரி ஒரு சத்தம். அப்புறம் ஏதோ பெரிதாகச் சுவரில் மோதியது. என் மகன் “அண்ணாச்சி!” என்று அலறினான். அந்த அலறலை அதற்கு முன்னால் நான் கேட்டதில்லை. அவனுக்கு ஐந்து வயதில் கை ஒடிந்தபோதுகூட அவன் அப்படி அலறவில்லை.

டெலிபோன் அதன்பிறகும் என் காதிலேயே இருந்தது. யாரும் அதில் பேசவில்லை.

மூன்று நாள்

வண்டி பிடித்து உப்பளப் பாதையில் நான் போய்ச் சேர்ந்தபோது, மேஸ்திரியைக் கட்டிலோடு தூக்கி வெளியே கொண்டுவந்துகொண்டிருந்தார்கள். உயிர் இருந்தது. வலது கை மணிக்கட்டுவரை கருகியிருந்தது. அவர் குனிந்து பீங்கானைப் பார்த்தபோது, அதிலிருந்து நாலு விரற்கடை தூரத்தில் அந்தக் கை இருந்ததாம். அவர் கணக்குப்படி அது பத்திரமான தூரம். இடது கை முதுகுக்குப் பின்னால் இருந்திருக்கிறது. அதனால்தான் பிழைத்தார் என்றார்கள்.

கட்டிலின் ஒரு காலைப் பிடித்துக்கொண்டு நம்பி வந்தான். முழுசாக, ஒரு காயமில்லாமல் வந்தான். எனக்கு அப்போது முதலில் வந்தது சந்தோஷம். அதை இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது? அடுத்து வந்ததையும் எழுதிவிடுகிறேன். என் பிள்ளை குனிந்து அந்த மனிதரின் நெற்றி வேர்வையைத் தன் சட்டையால் துடைத்தான். கருகிக் கிடக்கிற ஒரு மனிதரைப் பார்த்து நான் அந்த நிமிஷத்திலும் பொறாமைப்பட்டேன்.

நம்பி என்னைப் பார்த்தான். கட்டிலோடு போய்விட்டான்.

மூன்று நாள் அவன் வீட்டுக்கு வரவில்லை. ஆஸ்பத்திரியிலேயே இருந்தான். கோதை தூக்குச் சட்டியில் சோறு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவாள்.

“என்ன சொல்லுதான்?”

“ஒண்ணும் சொல்லல.”

“சாப்பிட்டானா?”

“அவருக்கு ஊட்டிவிட்டுட்டுச் சாப்பிட்டான்.”

அதற்குமேல் நான் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டேன். வாசலில் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்தேன். மீன்காரி, தபால்காரர், பக்கத்து வீட்டுக்கு வந்த உறவுக்காரர் என்று யார் யாரோ வந்தார்கள். போலீசோ, மின்சார அதிகாரியோ என் தாளோடு வருவார்கள் என்றும் எதிர்பார்த்தேன். வந்து என்னை இழுத்துக்கொண்டு போனால்கூடத் தேவலை என்று இருந்தது. யாரும் வரவில்லை.

மனசுக்குள் ஒரு பதிலைத் தயார் செய்துவைத்திருந்தேன். நான் டெலிபோன் செய்ததால்தானே நீ பிழைத்தாய்? உன்னை அந்த இடத்தை விட்டு அழைத்தது யார்? இப்படிக் கேட்கலாம் என்று. அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் கோதையிடம்கூட அதைச் சொல்ல வாய் வரவில்லை.

நான்காம் நாள் சாயங்காலம் நம்பி வந்தான். முகத்தில் தாடி. அதே சட்டை. நிலைப்படியைத் தாண்டாமல் நின்றான். அடுக்களையிலிருந்து ஓடிவந்த கோதை அவன் தோளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, தண்ணீர் எடுக்க உள்ளே போனாள்.

“அண்ணாச்சிக்கு ரெண்டு வெரல எடுத்துட்டாங்க” என்றான்.

நான் நாற்காலியை அவன் பக்கம் நகர்த்தினேன். அவன் உட்காரவில்லை.

“ஆபீசர் வந்து விசாரிச்சாரு. ‘முள்ள நான்தான் தப்பாப் பாத்துட்டேன்’னு அண்ணாச்சி சொல்லிட்டாவ. தாளப் பத்தி ஒரு வார்த்த சொல்லல. பொறவு நான் போயி ஆபீசர்ட்ட சொல்லிட்டேன். அப்பா எழுதித் தந்தது, தெரியாமத் தப்பாப் போச்சுன்னு.”

“தெரியாமத்தாம்லே நடந்துபோச்சு” என்றேன். “ஆயிரத்துக்கு மேல லட்சம்னு...”

“தாளு தப்பானதுக்கு நான் ஒண்ணும் கேக்கலப்பா. எனக்கும்தான் லட்சம்னு தோணிச்சு.”

கோதை கொண்டுவந்த தண்ணீரை வாங்கி, குடிக்காமல் நிலைப்படியில் வைத்தான். பிறகு கேட்டான்:

“டெலிபோன மொதல்ல எடுத்தது அண்ணாச்சிதான? அவங்ககிட்ட ஏன்ப்பா சொல்லல?”